ஃபுளூ ஊசி யாருக்கு? விசுவமடுவிலிருந்து வந்த கடிதத்துக்குப் பதில்

கேள்வி: வணக்கம் டொக்டர். நான் விசுவமடுவில் இருக்கும் ஓர் ஆசிரியை. அம்மாவுக்கு 67 வயது. நீண்ட காலமாகச் சீனி வருத்தம், மழை தொடங்கினால் மூச்சு முட்டும், இழுக்கும். போன மாரியில் காய்ச்சல் வந்து, அது நியூமோனியாவாகி, வாட்டில் படுத்து எழும்பினவ. இந்த முறை மழைக்கு முதலே ஃபுளூ ஊசி போட்டுவிடுவோம் என்று கிளினிக்கில் கேட்டேன். "அது இங்க போடுறேல்ல" என்றார்கள். பாமசியில் டொக்டரின் துண்டு கேட்டார்கள். தனியார் இடம் ஒன்றில் "ஸ்டொக் முடிஞ்சுது, கொழும்பில விசாரியுங்கோ" என்றார்கள். அம்மாவின் தமக்கை லண்டனில் இருக்கிறா, 71 வயது. அவவுக்கு ஃபுளூ ஊசி சும்மா போட்டார்கள், ஆனால் போன வருடம் போட்ட கொவிட் ஊசியை இந்த முறை "75 வயது ஆகவேணும்" என்று மறுத்துவிட்டார்களாம். தங்கை ரொறன்ரோவில், 58 வயது. பாமசிக்குப் போனா, போட்டுக்கொண்டு வந்தா, ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வயிற்றில் பிறந்த மூன்று பேருக்கு மூன்று சட்டமா? இதை யார் தீர்மானிக்கிறார்கள்? பெரியம்மா மார்கழியில் வருகிறா. அம்மாவுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு வரச் சொல்லவா? எங்களோடு தம்பியும் (38 வயது, 2009 இல் செல் பட்டு வயிற்றில் பெரிய ஒப்பரேசன் செய்தவன், இப்போது சுகமாக வயல் செய்கிறான்) அவனுடைய மனைவியும் (ஆறு மாதக் கர்ப்பம்) இருக்கிறார்கள். எல்லோருக்கும் வாங்க வசதி இல்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. கிளினிக்கில் ஒரு பதில், பாமசியில் ஒரு பதில், தனியார் இடத்தில் ஒரு பதில் என்று அலைந்த பிறகு கோபம் வராவிட்டால்தான் யோசிக்க வேண்டும். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் அடைப்புக்குறிக்குள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போன உங்கள் தம்பியைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அந்த இடம் வரும்போது தயவுசெய்து அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டீர்கள். ஒவ்வொரு நாட்டிலும் யார் பணம் கட்டுகிறார்களோ அவர்கள் தீர்மானிக்கிறார்கள். பிரித்தானியாவில் தடுப்பூசிக்கென்று ஒரு நிபுணர் குழு இருக்கிறது. ஒருவர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவதைத் தவிர்க்க எத்தனை பேருக்கு ஊசி போட வேண்டியிருக்கிறது, அதற்கு எவ்வளவு செலவாகும் என்று அவர்கள் கணக்குப் பார்ப்பார்கள். கொவிட் இப்போது பெரும்பாலானவர்களுக்கு ஒரு தடவையாவது வந்து போய்விட்டது. பல தடவை ஊசியும் போட்டாயிற்று. அதனால் 65 இலிருந்து 74 வரை உள்ளவர்களுக்கு இலவசமாகப் போடுவதில் கிடைக்கும் பலன் செலவுக்குப் போதாது என்று முடிவெடுத்தார்கள். 2024 இலையுதிர் காலத்தில் 65 ஆக இருந்த வயதெல்லை 2025 இல் 75 ஆனது அப்படித்தான். ஃபுளூ ஊசியிலும் இதே கதை நடந்தது. கொவிட் பரவிய காலத்தில் சில வருடங்கள் அங்கே 50 வயது தாண்டிய எல்லோருக்கும் இலவசமாகப் போட்டார்கள். 2023 இல் அதை மறுபடி 65 ஆக்கிவிட்டார்கள். உங்கள் பெரியம்மாவின் நெஞ்சும் நுரையீரலும் ஒரு வருடத்தில் மாறிவிடவில்லை. கணக்கு மாறியது, அவ்வளவுதான்.

ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணம் வேறு வழியில் போனது. 2000 ஆம் ஆண்டிலிருந்து அங்கே ஆறு மாதம் தாண்டிய எவருக்கும் ஃபுளூ ஊசி இலவசம். வயதும் வருத்தமும் கேட்டுப் பிரித்துப் பார்ப்பதைவிட எல்லோருக்கும் போடுவது நல்லது என்று அந்த மாகாணம் நினைத்தது. அதனால்தான் உங்கள் சின்னம்மாவிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

பெரியம்மாவுக்கு ஒரு வார்த்தை. அவ வாதத்துக்கோ வேறு எதற்கோ நோயெதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை எடுக்கிறாவா என்று கேட்டுப் பாருங்கள். நோயெதிர்ப்புக் குறைந்தவர்களுக்கு அங்கே 75 என்ற வயதெல்லை கிடையாது. அப்படி ஒன்றும் இல்லையென்றால், காசு கட்டி பாமசியில் போட்டுக்கொள்ளலாம். 71 வயதில் ஃபுளூ ஊசி அவவுக்குக் கிடைத்திருக்கிறது, அதுவே நல்லது.

இனி எங்கள் பக்கம். இலங்கையின் இலவசத் தடுப்பூசித் திட்டம் 1978 இல் தொடங்கியது. பிள்ளைகளுக்காகவும் கர்ப்பிணிகளுக்காகவும் கட்டப்பட்ட திட்டம் அது, நன்றாகவும் கட்டப்பட்டது. போலியோவின் கடைசி நோயாளி இந்த நாட்டில் 1993 இல். 2017 இலிருந்து பாடசாலைப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியும் சேர்ந்துவிட்டது. ஆசிரியையாக இருக்கிறபடியால் அந்த நாளில் வகுப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சண்டை நடந்த காலத்திலும், 90களின் நடுப்பகுதியிலிருந்து, போலியோச் சொட்டு மருந்து கொடுக்கக் குறித்த நாட்களில் துவக்குகளை ஓயவைத்தார்கள். வன்னியில் வளர்ந்த ஒருவருக்கு ஊசி என்றால் குடும்ப நல மாது தேடி வந்து, பெயர் கூப்பிட்டு, அட்டையில் எழுதிவிட்டுப் போடுவது. வயது சரியென்றால் ஊசி உண்டு. பணக்காரன், ஏழை, எந்த ஊர் என்று ஒருவரும் பார்த்ததில்லை. அப்படிப் பழகிய ஊரில் 67 வயது மனுசியிடம் "இங்க போடுறேல்ல" என்று சொன்னால் அது முகத்தில் அடித்த மாதிரித்தான் இருக்கும்.

ஃபுளூ ஊசி எங்கள் இலவச அட்டவணையில் இல்லை. போலியோ, சின்னமுத்து ஊசிகளைப் போலச் சில தடவை போட்டு முடிக்கிற காரியம் அல்ல அது. வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் வருடத்துக்கு இரண்டு தடவை, பெப்ரவரியில் வட பாதி உலகுக்கும் செப்டெம்பரில் தென் பாதிக்கும், எந்த வகைகளைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதன்படி புதிதாகத் தயாரிக்க வேண்டும். மிஞ்சியதை அடுத்த வருடத்துக்கு வைக்க முடியாது. காசில்லாத அரசு இதைப் பார்த்துப் பின்வாங்குவது எனக்கு விளங்குகிறது. ஆனால் அதோடு நான் உடன்படவில்லை. கர்ப்பிணிகள், முதியவர்கள், நாட்பட்ட வருத்தக்காரர், சுகாதாரப் பணியாளர், சின்னப் பிள்ளைகள் என்று உலக சுகாதார நிறுவனமே முன்னுரிமைக்குரியவர்களைச் சொல்லியிருக்கிறது. நாடு முழுவதற்கும் முடியாவிட்டாலும், மாவட்ட வைத்தியசாலைகளின் கிளினிக்குகளில் சீனியோடு நுரையீரல் வருத்தமும் உள்ளவர்கள், சிறுநீரக நோயாளர், கர்ப்பிணிகள் ஆகியோருக்காவது வாங்க வேண்டும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மழைக்கால வாட்டுகளைப் பார்த்த எந்த வைத்தியரும் இதைத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். கிளினிக்கில் உங்களுக்குச் சொன்னது, அந்த ஊசி அங்கே இருப்பில் இல்லை என்பது. அம்மாவுக்கு அது தேவையில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. சனங்கள் இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். உங்கள் அம்மா எந்த நாட்டின் பட்டியலில் வைத்துப் பார்த்தாலும் முன்வரிசையில் நிற்கிறவ.

சரி, தம்பிக்கு வருகிறேன்.

2009 இல் செல் பட்டு வயிற்றில் பெரிய ஒப்பரேசன் செய்தவர் என்கிறீர்கள். அந்த ஒப்பரேசனில் அவருடைய மண்ணீரலை எடுத்தார்களா? இடது விலாவுக்குக் கீழே ஒளிந்திருக்கும் உறுப்பு அது. வயிற்றில் செல் துண்டு பாயும்போதும் அதிர்ச்சியிலும் இலகுவாகக் கிழிந்து கொட்டுகொட்டென்று இரத்தம் போகும். உயிரைக் காப்பாற்ற அதை வெட்டி எடுப்பதைத் தவிர அந்த நேரத்தில் வேறு வழி இருந்திருக்காது. எடுத்த பிறகும் மனிதர் நன்றாக இருப்பார், வயல் செய்வார், பாரம் தூக்குவார். வெளியே நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் தாண்டி ஓடும் நீளத் தழும்பு மட்டுந்தான் தெரியும்.

மண்ணீரல் இல்லாத உடம்பில் சில கிருமிகள், குறிப்பாக நியூமோனியாவை உண்டாக்கும் நியூமோகொக்கஸ், காய்ச்சல் தொடங்கிச் சில மணி நேரத்திலேயே இரத்தம் முழுவதும் பரவிவிடலாம். காலையில் குளிர்காய்ச்சல் என்று படுத்தவர் இரவுக்குள் ஆபத்தான நிலைக்குப் போவதுண்டு. இந்த ஆபத்து ஒப்பரேசன் முடிந்து எத்தனை வருடம் போனாலும் முழுவதாக நீங்குவதில்லை. அதனால் மண்ணீரல் இல்லாதவர்களுக்கு நியூமோகொக்கஸ் ஊசி, மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிஞ்சோகொக்கஸ் ஊசி, அதே போன்ற இன்னொரு கிருமிக்கான ஹிப் ஊசி ஆகியவற்றோடு வருடந்தோறும் ஃபுளூ ஊசியும் போட வேண்டும் என்பது உலகமெங்கும் உள்ள மருத்துவ நடைமுறை. 38 வயது என்று எழுதிப் பார்த்தால் எந்த வயதெல்லைக்குள்ளும் உங்கள் தம்பி வரமாட்டார். வருத்தத்தை வைத்துப் பார்த்தால், அவருக்கு மண்ணீரல் இல்லையென்றால், உங்கள் வீட்டில் முதல் ஆள் அவர்தான்.

"ஒப்பரேசன் துண்டெல்லாம் இடம்பெயரேக்க துலைஞ்சுபோச்சு" என்று அவர் சொல்லக்கூடும். வன்னியில் அந்தக் காலத்தில் காயப்பட்ட பலரிடம் ஒரு துண்டுக் கடதாசியும் மிஞ்சவில்லை. தமக்குள் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று தெரியாமலே வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குத் துண்டு தேவையில்லை. சாதாரண வயிற்று ஸ்கானில் மண்ணீரல் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். அரச வைத்தியசாலையில் அதற்குப் பணம் இல்லை. கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலைக்குப் போய், வெளிநோயாளர் பிரிவில் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டி, "2009 இல் செல் பட்டது, மண்ணீரல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லச் சொல்லுங்கள். மண்ணீரல் இல்லையென்று வந்தால் வைத்திய நிபுணரைச் சந்தித்து, என்னென்ன ஊசி எந்த ஒழுங்கில் என்று எழுதி வாங்க வேண்டும். வயதைச் சொல்லிக் கேட்பதைவிட, உறுப்பு இல்லை என்று சொல்லிக் கேட்கும்போது ஒரு வைத்திய நிபுணரால் உங்களுக்காகச் செய்ய முடிவது கூடுதலாக இருக்கும்.

மண்ணீரல் இல்லாத ஒருவருக்கு 38 பாகையைத் தாண்டிக் காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுவிட்டுப் படுக்கக் கூடாது, அன்றைக்கே வைத்தியசாலை. நாய் கடித்தாலும் அப்படித்தான். விசர்நாய்க்கடி ஊசியோடு நின்றுவிடாமல் "எனக்கு மண்ணீரல் இல்லை" என்று சொல்லி அன்ரிபயோற்றிக் கேட்க வேண்டும். நாயின் வாயில் இருக்கும் ஒரு கிருமி இப்படியானவர்களுக்கு மிகவும் ஆபத்தானது. இதை ஒரு சின்ன மட்டையில் எழுதி அவருடைய அடையாள அட்டையோடு வைத்துவிடுங்கள்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலோ அயலிலோ வயிற்றில் அப்படித் தழும்போடு யாராவது இருந்தால் இதே கேள்வியைக் கேளுங்கள். முள்ளந்தண்டில் காயப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களையும் மறக்க வேண்டாம். நெஞ்சுத் தசைகள் பலவீனமானவர்களால் சளியை இருமி வெளியே தள்ள முடியாது. சாதாரண ஃபுளூ அவர்களுக்கு நியூமோனியாவாகும். அவர்களில் பலருக்கு இன்னும் 50 வயதுகூட ஆகவில்லை. வயதைக் கொண்டு கோடு கீறும் எந்தப் பட்டியலும் எங்கள் மண்ணுக்குப் போதாது.

அம்மா விசயம் தெளிவானது. சீனி, முட்டு, போன மாரியில் நியூமோனியா மூன்றும் சேர்ந்து இருக்கும்போது ஃபுளூ ஊசி போடுவதுதான் சரி. அது நூறு வீதம் காக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஊசியில் உள்ள வகையும் ஊரில் பரவும் வகையும் நன்றாகப் பொருந்திய வருடங்களில் ஃபுளூ வரும் வாய்ப்பை 40 முதல் 60 வீதம் வரை குறைக்கும். வயதானவர்களில் பலன் இன்னும் கொஞ்சம் குறையலாம். ஆனால் வந்தாலும் வாட்டுக்கும் ஒட்சிசனுக்கும் போகும் அளவுக்கு முற்றாமல் தடுப்பதில்தான் அதன் பெறுமதி. நியூமோகொக்கஸ் ஊசியையும் அவவின் கிளினிக் வைத்தியரிடம் கேளுங்கள். அது ஃபுளூ ஊசியைவிட விலை கூடியது, ஆனால் வருடாவருடம் போட வேண்டியதில்லை.

"ஊசி போட்டா காய்ச்சல் வரும்" என்று அம்மா மறுத்தால், கை நோவும் ஒன்றிரண்டு நாள் உடம்பு உளைவும் வரலாம் என்று உண்மையைச் சொல்லுங்கள். ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ், அதிலிருந்து ஃபுளூ வராது. முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களும் போடலாம். முன்பு இதே ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் போடக் கூடாது. கடும் காய்ச்சலாக இருக்கும் நாளில் தள்ளிப் போடலாம்.

மச்சாளுக்குக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் இந்த ஊசி போடலாம். பிறந்த பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்வரை ஃபுளூ ஊசி போட முடியாது. தாயிடமிருந்து போகும் எதிர்ப்புச்சக்திதான் அதுவரை பிள்ளைக்குத் துணை. குடும்ப நல மாது போடும் ஏற்பூசி (ரெற்றனஸ் ஊசி) வேறு, அதை விட்டுவிடக் கூடாது.

கையில் ஒரு ஊசிக்குத்தான் காசு இருக்கிறதென்றால் அம்மாவுக்கு. இரண்டுக்கு இருந்தால் மச்சாளுக்கும். தம்பியின் ஸ்கானில் மண்ணீரல் இல்லையென்று வந்தால் இந்த ஒழுங்கு மாறும், அவருக்கு முதலில் நியூமோகொக்கஸ் ஊசியைப் பாருங்கள். உங்களுக்குக் கடைசியில். பள்ளிக்கூடத்தில் தடிமன் பிள்ளைகளோடு நாள் முழுக்க நிற்கிறவர் நீங்கள் என்பதும் உண்மைதான். மாரியில் வகுப்பு முடிந்து வந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உங்களுக்குத் தடிமன் என்றால் அம்மாவுக்குப் பக்கத்தில் போகும்போது முகக்கவசம் போட்டுக்கொண்டால் அதுவும் ஒரு காப்பு.

எப்படி எடுப்பது? கிளினிக் நாளில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது தாதியிடம் "ஃபுளூ ஊசி இருக்கா" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும், அவவைக் குறை சொல்லவும் முடியாது. வைத்தியருக்கு முன்னால் இருக்கும்போது கிளினிக் கொப்பியைத் திறந்து வைத்து, "போன மாரியில் நியூமோனியாவோடு வாட்டில் இருந்தவ, ஃபுளூ ஊசி போடலாம் என்று இதில் எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். பாமசியில் கேட்ட துண்டும் அதுதான். அத்தோடு, கொப்பியில் எழுதப்பட்டால்தான் இப்படி ஒரு தேவை இருக்கிறது என்பதற்கு ஆதாரம் மிஞ்சும். பிறகு கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணத்தில் தனியார் வைத்தியசாலைகளுக்கும் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் ஒசுசலவுக்கும் தொலைபேசியில் கேட்டுவிட்டு வெளிக்கிடுங்கள், சும்மா பஸ் ஏறி அலைய வேண்டாம். ஸ்டொக் இல்லையென்றால் பெயரையும் நம்பரையும் கொடுத்து வையுங்கள். உங்கள் பாடசாலையில் வயதான பெற்றோரை வைத்திருக்கும் ஆசிரியர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். எல்லோருமாகச் சேர்ந்து கேட்டால், ஒழுங்கான குளிர்சாதனப்பெட்டி வைத்திருக்கும் தனியார் வைத்தியர் ஒருவர் மொத்தமாக எடுப்பித்துத் தருவது இலகு. வாங்கும்போது காலாவதித் திகதியையும் அது எந்த வருடத்து ஊசி என்பதையும் பார்த்துக் கேளுங்கள்.

இலங்கையில் ஃபுளூ இரண்டு தடவை கூடும். நவம்பர் முதல் ஜனவரி வரை ஒன்று, ஏப்ரல் முதல் ஜூன் வரை இன்னொன்று. ஊசி போட்டு எதிர்ப்புச்சக்தி வர இரண்டு கிழமை செல்லும். காலபோக விதைப்போடு போடுவது நல்லது. பிந்திவிட்டால் விட்டுவிடாமல் அப்போதும் போடலாம்.

பெரியம்மாவின் சூட்கேசில் வேண்டாம். முதலில், லண்டனில் அந்த ஊசியைக் கையில் தந்துவிட மாட்டார்கள், பாமசியிலேயே போட்டுவிடுவார்கள். அப்படிக் கிடைத்தாலும் அது 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், சூடாகவும் கூடாது, உறையவும் கூடாது. குடும்ப நல மாது கிளினிக்குக்குக் குளிர்ப்பெட்டி அடுக்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஐஸ் பொதியை உறைபெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊசி மருந்துக்குப் பக்கத்தில் வைப்பதில்லை. வெளியே கொஞ்ச நேரம் வைத்து, கையில் எடுத்துக் காதோரம் குலுக்கிப் பார்ப்பா. உள்ளே தண்ணீர் சளக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டிக்குள் போகும். நேரே உறைபெட்டியிலிருந்து வந்த ஐஸ் பட்டால் மருந்து உறைந்து கெட்டுவிடும், கெட்டது கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். யாழ்ப்பாணத்தில் வாங்கிப் பொலித்தீன் பையில் ஐஸ்கட்டியோடு பஸ்ஸில் கொண்டுவருவதும் இதே தவறுதான். ஊசி எங்கே இருக்கிறதோ அங்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெரியம்மா உதவ விரும்பினால் ஊசிக்கும் வாகனத்துக்கும் காசு அனுப்பட்டும். மார்கழிவரை காத்திருக்கவும் வேண்டாம்.

தம்பி வயல் செய்கிறார் என்றபடியால் இன்னொன்று. எலிக்காய்ச்சலுக்கு எங்களிடம் ஊசி இல்லை, ஆனால் வயலில் இறங்கும் காலத்தில் வாரம் ஒரு தடவை எடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இலவசமாகத் தருகிறார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் போதும். இதற்குத் தகுதி வயல் செய்வது மட்டுந்தான். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். அவர் அதை எடுக்கட்டும். கர்ப்பமாக இருக்கும் மச்சாள் அதைத் தொடக் கூடாது.

ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் இந்த மாரியில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால், ஃபுளூ என்று நீங்களாகவே முடிவுகட்ட வேண்டாம். டெங்கும் இதே காலத்தில்தான் வருகிறது. பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள், ஐபுபுரோஃபென், டைக்குளோபெனாக் போன்ற நோ மாத்திரைகள் வேண்டாம். காய்ச்சலில் சீனி கூடும், அதனால் இன்சுலின் போடுகிறா என்றால் அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்; சாப்பிட முடியாமல் இருந்தால் சீனி மாத்திரையை என்ன செய்வது என்று வைத்தியரிடம் உடனே கேளுங்கள். முதல் 48 மணி நேரத்துக்குள் வைத்தியரிடம் காட்டினால், ஃபுளூ என்று தெரியும்போது ஒசெல்ரமிவிர் மாத்திரை தொடங்கலாம். அவவைப் போன்றவர்களுக்கு அது பலன் தரும். மூச்சு வேகமாக வாங்குதல், உதடு நீலம் பாரித்தல், ஆளைத் தெரியாமல் பேசுதல் இதில் ஏதாவது ஒன்று இருந்தால் விடியும்வரை பார்க்காமல் தருமபுரமோ கிளிநொச்சியோ கொண்டுபோங்கள்.

தம்பியின் ஸ்கான் முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். மண்ணீரல் இல்லையென்று வந்தால், வைத்திய நிபுணரிடம் கொண்டுபோவதற்கான கடிதத்தை எப்படி எழுதுவது என்று நான் சொல்லித் தருகிறேன்.